அடிக்காத கைக்குச் சாட்சி

பூவராகவன் திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். மஞ்சள் காமாலையில் கிடந்தபோது சபைக்காரர்கள் வந்து ஜெபித்தார்கள். எழுந்து உட்கார்ந்தவர் ஞானஸ்நானம் எடுத்தார். அதுவரை எந்த வம்பும் இல்லை. சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்ததுதான் வினை.

முதல் தடவை நடந்ததை நடந்தபடி சொன்னார். காமாலை வந்தது, ஜெபித்தார்கள், போய்விட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்து எழுந்த வரதராஜன், நகரியில் தான் ரவுடியாகத் திரிந்து ஒருவன் காதை அறுத்த கதையைச் சொன்னதும் கூரையே அல்லேலூயாவில் அதிர்ந்தது. பெரிய பாவிக்குத்தான் மவுசு என்று பூவராகவனுக்கு அன்று விளங்கியது. அவரிடமோ சொல்லிக்கொள்ளும்படி ஒரு சின்னக் களவுகூட இல்லை.

அடுத்த வாரம் சாட்சியில் குடியைச் சேர்த்தார். உச்சுக்கொட்டினார்கள். அதற்கடுத்த வாரம் மனைவியை அடித்தார். பெண்கள் அழுதார்கள். அந்த அழுகை மனிதருக்கு ருசித்துவிட்டது. சித்தூர்ப் பெருங்கூட்டத்தில் பேச அழைப்பு வந்தபோது, சாட்சியில் மனைவி கோவிந்தம்மாளின் கை ஒடிந்திருந்தது.

தெருவில் போகிறவளெல்லாம் கோவிந்தம்மாளின் கையைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் நகரியிலிருந்து வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான்.

"நானும் சித்தூருக்கு வர்றேன். இன்னொரு வாட்டி என்ன அடிச்சேன்னு சொன்னா, அங்கருந்தே நகரி பஸ் ஏறிடுவேன். அப்புறம் தேடிக்கினு வராத," என்றாள் கோவிந்தம்மாள்.

அடித்ததற்காகப் புருஷனை விட்டுப் போனவர்கள் உண்டு. அடிக்காததற்காகப் போகப் பார்த்தவள் அவள்தான்.

சொல்லவே கூடாது என்றுதான் பூவராகவன் மேடை ஏறினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் இப்போதே கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள். வாய் நிற்குமா? ஒடித்துவிட்டார். இடது கை என்றும் சொல்லிவிட்டார்.

"அந்த சகோதரியே இங்க வந்திருக்காங்க," என்று போதகர் ஜெபகுமார் மைக்கைக் கோவிந்தம்மாளிடம் நீட்டினார்.

"அவரு என்ன அடிச்சதே இல்ல. மேல கொசு உக்காந்தாகூட ஊதித்தான் வுடுவாரு."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புருஷன எப்படி மன்னிச்சி மறைக்கிறாங்க பாருங்க." பந்தல் அல்லேலூயாவில் குலுங்கியது.

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பூவராகவன் மைக்கை எட்டிப் பிடித்தார்.

"அது சொல்றதுதான் நெஜம். நான் சொன்னது பூரா பொய்."

"என்ன தாழ்மை," என்றார் போதகர். மறுபடி அல்லேலூயா.

அவள் பந்தலின் கடைசி வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பூவராகவன் இருக்கிற இடத்தை மறந்தார்.

"நம்ப மாட்டீங்களா? காணிப்பாக்கத்துக்கு வாங்க. கொளத்துல முழுகி எழுந்து புள்ளையார் முன்னால சத்தியம் பண்றேன்."

அத்தனை பேரும் சித்தூர்ப் பக்கத்து ஜனம். அந்தக் குளத்தில் முழுகிப் பொய்ச்சத்தியம் செய்கிற தைரியம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனுக்கும் வராது, அவன் கும்பிடுகிற சாமி எதுவானாலும். எல்லோரும் அந்த நிமிடமே நம்பிவிட்டார்கள். பிள்ளையார் பேரைக் கேட்டு நம்பியதால்தான் முகங்கள் அப்படிச் சுளித்தன. போதகர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

பூவராகவன் அழுதார். ஞானஸ்நானம் எடுத்த பிறகு அன்றைக்குத்தான் மனசறிந்து மனம் திரும்பினார். அதற்கு ஆமென் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் இல்லை.

பந்தலுக்கு வெளியே, ஒலிபெருக்கிக் கம்பத்தின் கீழே கோவிந்தம்மாள் நின்றிருந்தாள். அவர் கிட்டே வந்ததும் பையை நீட்டினாள்.

"ஆமென். இத்தப் புடி, வூட்டுக்குப் போலாம்."