மாமனார் பக்கம் ஏறிய பத்திரிகை

தெப்பக்குளத்துப் பக்கம் லூர்துவின் அச்சகத்தில் காத்தமுத்துதான் மிஷின்மேன். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினில் ஊரார் கல்யாணப் பத்திரிகையெல்லாம் நூல் பிடித்த மாதிரி அடித்துக் கொடுத்தவன். விஜயதசமி கழிந்து ஓடிய முதல் வேலை அவனுடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை. அதுதான் கோணிக்கொண்டு வந்தது.

இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே. மணமகள் செல்லக்கிளியின் அப்பா மருதை மண்ணச்சநல்லூரிலிருந்து மத்தியான பஸ்ஸில் பத்திரிகை வாங்க வருகிறார். மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே தொழில் தெரியுமா என்று நிச்சயதார்த்தப் பந்தியிலேயே மூன்று பேரிடம் விசாரித்த மனிதர். இந்த லட்சணத்தைப் பார்த்தால் பெண் கொடுப்பாரா?

எழுத்துகளைப் பிரித்து மறுபடி முடுக்கினான். மிஷின் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தான். அடியில் போடும் தாள்களை மாற்றினான். கோணல் அப்படியே இருந்தது.

லூர்து தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "தம்பி, தாள் உட்கார்ற இடது முள்ளுல சந்தனம் அப்பியிருக்கு பாரு. காலையிலயே பாத்துட்டேன். சாமி சமாச்சாரம், நான் எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

ஆயுத பூஜையன்று, கல்யாணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று காத்தமுத்துவே வைத்த சந்தனம். வருஷா வருஷம் பொட்டு வைப்பவன் இந்தத் தடவை ஆசையில் அடையே தட்டிவிட்டான். அது காய்ந்து இறுகித் தாளின் இடது ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, எழுத்து அந்தப் பக்கம் கீழே இறங்கி விழுந்திருந்தது. மிஷினையே கழற்றிப் போட்டவன், அதன்மேல் மட்டும் கை படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறான். கன்னத்தில் போட்டுக்கொண்டு சுரண்டி எடுத்தான். அடுத்த தாள் நேராக வந்தது.

மருதை வந்தார். நேரான பத்திரிகையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கழித்துப் போட்ட கட்டிலிருந்து ஒரு கோணலை உருவி வெகுநேரம் பார்த்தார். அடியில் இடப்பக்கம் காத்தமுத்துவின் அப்பா வீரமலை பெயர், வலப்பக்கம் அவர் பெயர்.

"இதுல எங்க பேரு சம்பந்தி பேருக்கு மேல நிக்குதே. எங்க ஊருக்கு இதையே முந்நூறு போடுங்க மாப்பிள்ளை."

அவர் வாயிலிருந்து வந்த முதல் மாப்பிள்ளை அது. காத்தமுத்து உருகிப் போனான். ஓடிப் போய்ச் சந்தனத்தைக் குழைத்து இடது முள்ளில் அப்பினான்.

மறுநாள் காலை வீரமலை ஒரு கோணல் பத்திரிகையோடு வந்து நின்றார். நம் வீட்டுப் பெயர் ஏன் கீழே கிடக்கிறது என்று கேட்டார். காத்தமுத்து மிஷினைத் துடைக்கக் குனிந்துகொண்டான். லூர்துதான் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வலது முள்ளின் பக்கம் வைத்தார்.