தவக்காலத்தில் ஓடிய படம்

இன்னாசிராஜ் தன் மனைவியிடம் அழுதபோது நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தோம். ஒட்டுக்கேட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாலக்கரை வீடுகளின் சுவர் அப்படி.

"உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்ல, அக்னஸ். ஆனா இந்தத் தாகம் விடமாட்டேங்குதே."

என்னோடு நின்ற எதிர்வீட்டுப் பாக்கியமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

அந்த மனிதரின் சரித்திரம் அப்படி. ஐம்பதுகளின் ஆரம்பத்தில் பொன்மலை ரயில்வே துரைமார் கூடும் கிளப்பில் மேடையேறிச் சிரிக்கவைப்பார். மதுவிலக்குக் காலம். பர்மிட் வைத்திருந்த துரைமார் குடிப்பார்கள். இவர் ஒரு சொட்டும் தொடாமல் அவர்களைப் போலவே தள்ளாடிக் காட்டுவார். தொடவில்லை என்பது அவர் சொன்னது. துரைமார் கப்பலேறிப் போனதும் மெட்ராஸுக்கு ரயிலேறினார். அங்கே தலை வழுக்கையான பிறகுதான் யோகம் அடித்தது: ஹெட்மாஸ்டர், கதாநாயகியின் அப்பா, கடைசி ரீலில் திருந்தும் மிட்டாதார். படத்துக்குப் படம் குணச்சித்திரம் கூடியது. வீட்டுக்கு வருவது குறைந்தது. கோடம்பாக்கத்தில் இன்னொரு குடித்தனம் என்று பேச்சு. அதை முதலில் சொன்னது நான் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் அறுபத்து மூன்றாம் வருஷத் தவக்காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கி, அழுது, அக்னஸை மெட்ராஸுக்குக் கூப்பிட்டார். அக்னஸ் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் டீச்சர். இத்தனை வருஷமும் அவளுக்குச் சோறு போட்டது அந்த வேலைதான். விட்டால் திரும்பக் கிடைக்காது.

"ஈஸ்டர் லீவு முடிஞ்சதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துடுறேன்க்கா" என்றாள் என்னிடம்.

போயும் போயும் தவக்காலத்தில் ஏன் வந்தார்? அதுதான் என்னை உறுத்தியது. தவக்காலத்தில் எங்கள் தெருவில் கறி இல்லை, கல்யாணம் இல்லை, சினிமாவும் இல்லை. அவருடைய புதுப்படம் டவுனில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் போகவில்லை. பெரிய வெள்ளிக்கு முன்பே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அன்று அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தன் படம் போனதற்கு எந்த நடிகன் சந்தோஷப்படுவான்?

ஈஸ்டருக்கு மறுநாள் பாக்கியமேரி வந்து சொன்னாள்: "அந்தப் படம் இப்ப ஸ்ரீரங்கத்துல ஓடுதாம்க்கா."

பாலக்கரைக்காரர்கள் படம் பார்க்கக் காவேரியைத் தாண்டுவார்கள் என்று அவர் நினைக்கவில்லை போலும். நாற்பது நாள் அடக்கி வைத்திருந்தவர்களுக்குக் காவேரி ஒரு தூரமா? அக்னஸையும் இழுத்துக்கொண்டு மேட்னி ஷோவுக்குப் பஸ் ஏறினோம்.

இடைவேளைக்குப் பிறகு, மனைவியைக் கைவிட்டுப் போன மிட்டாதார் வீடு திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்ல, மரகதம்" என்றார். மரகதம் இருந்த இடத்தில் அக்னஸைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மற்றபடி தாகம் உட்பட எல்லாம் அப்படியே. தரை டிக்கெட் பெண்கள் விசும்பினார்கள். அக்னஸ் அசையவில்லை.

"வீட்லதான்க்கா இன்னும் நல்லா அழுதாரு" என்றாள் பாக்கியமேரி என் காதில்.

சாயங்காலம் நாங்கள் சுவரோரம் இருந்தோம். வேறெங்கே இருப்போம்?

"ஸ்ரீரங்கத்துக்குப் போயிட்டு வந்தேங்க" என்றாள் அக்னஸ். "யாரும் எழுதிக் கொடுக்காததா ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

கிளப்பையே உருட்டிச் சிரிக்கவைத்தவர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். பிறகு, மேடைக்கு ஆகாத ஒரு குரல்:

"பசிக்குது."

தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

லீவு முடிந்ததும் அக்னஸ் குடையை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். எழுதிக் கொடுக்கவில்லை. அவர் தனியாக ரயிலேறினார். இப்போதெல்லாம் ஷூட்டிங் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார்.

அதன் பிறகு வந்த அவர் படம் ஒன்றையும் நான் விடுவதில்லை. இதுவரை எந்த அப்பாவும் எந்த மிட்டாதாரும் அந்த மாதிரி "பசிக்குது" என்று சொல்லவில்லை. அடுத்த படம் பொங்கலுக்கு வருகிறதாம், பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.