பல்செட்காரரின் சொந்தப் பல்

பல்செட்காரரின் மனைவிக்கு ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேல் ஈறில் புதிதாக ஒரு முன்பல் முளைத்தது. முந்தின நாள் மாலைதான் அவள் சைக்கிள் ஓட்டப் பழகி, யாரும் பிடிக்காமல் தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தாள். பல்செட்காரர் கண்ணாடி வைத்துப் பார்த்தார், இடுக்கியால் தட்டிப் பார்த்தார், அசல் பல்தான், வேரோடு இருக்கிறது என்றார். பிறகு, தான் கட்டிக்கொடுத்த மேல்செட் இனி அவளுக்கு உட்காராதே என்று கவலைப்பட்டார். நாற்பது வருடமாகப் பல்செட் கட்டுகிறவர் அவர். இந்த வரலாற்றை எழுதுவதும் அவரேதான். தன்னைப் பற்றிப் படர்க்கையில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார். எழுத எழுத அப்படி ஒன்றும் தெரியவில்லை.

வருடம் முடிவதற்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வயதானவர்கள் எதையாவது புதிதாக, உண்மையாகவே கற்றுக்கொண்டால் பல் முளைக்கும். எழுபது வயதுத் தையல்காரர் நீச்சல் பழகினார், கோரைப்பல் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் சமைக்கப் பழகி, தன் சமையலைத் தானே சாப்பிட்டு உயிரோடும் இருந்தார். அவருக்கு இரண்டு கடைவாய்ப்பல். பாதியில் விட்டவர்களுக்கு ஈறு அரித்ததோடு சரி. சாகும்வரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நூலகத்தில் மாதம் ஒருமுறை சொற்பொழிவாற்றிய பழைய தலைமையாசிரியருக்கு மட்டும் ஒரு பல்லும் வரவில்லை. பல்செட்காரர் கட்டிய செட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் முழங்கினார். முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியவர் பல்செட்காரர். அவர் வாயிலும் ஒரு பல் கிடையாது. கேட்டவர்களிடம், "நான் கத்துக்க வேண்டியதெல்லாம் எப்பவோ கத்துக்கிட்டாச்சு. இனிமே மத்தவங்க கத்துக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மருமகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கையால் பேசுவாள். பல்செட் வேலை தெரிந்தவள் என்பதால் கல்யாணமான மறுவாரமே பட்டறைக்கு வந்து எதிர்மேசையில் உட்கார்ந்தாள். மெழுகில் பல்வரிசை வைப்பதில் மாமனாரைவிடக் கெட்டிக்காரி என்பது இரண்டே நாளில் தெரிந்துபோனது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. முதல் வருடம், சத்தமாகப் பேசினால் கேட்டுவிடும் என்று நம்பினார். தெருவில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத் தவிர. இரண்டாம் வருடம் மெதுவாக, வாயை அகலத் திறந்து பேசினார். செட் கழன்று மெழுகுக் கிண்ணத்தில் விழுந்தது. மூன்றாம் வருடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார். அவர் மனைவியோ ஆறே மாதத்தில் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு இன்னும் இரண்டு பல்லோடு நின்றாள். நீங்களும் கற்றுக்கொண்டால் என்ன என்று அவள் கேட்டபோது, "கைவேலை பாக்குறவன் கையாலயே பேசிக்கிட்டிருந்தா வேலையை யாரு பாக்குறது?" என்றார். இந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது மகன் விஷயத்தைச் சொன்னான். வேறோர் ஊரில் பெரிய பல் ஆஸ்பத்திரி. அங்கே காது கேளாதவர்கள் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு வாரத்தில் கிளம்புகிறோம். வேலை பிடிக்கவில்லையா என்று பல்செட்காரர் கேட்டார். "வேலை பிடிச்சிருக்குப்பா. எட்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேச ஆளில்லாம உக்காந்திருக்கா. சுவத்துக்கு எதிர்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றா." சுவர் என்றது யாரை என்று பல்செட்காரர் கேட்கவில்லை, அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. உண்மையில் பெற்ற மகனைவிட அவள்மேல்தான் அவருக்குப் பாசம். எதிர்மேசையில் அவள் தலை குனிந்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு மெழுகைச் சீவுவதைப் பார்க்காவிட்டால் அவருக்கு அன்றைய நாள் நாளாகவே இராது. இதையும் யாரிடமும் சொன்னதில்லை. அன்று பட்டறையில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, பாலிஷ் மெஷினை ஓடவிட்டு அழுதார். அவளுக்குத்தான் காது கேட்காதே, மெஷின் எதற்கு என்பது பிறகுதான் உறைத்தது.

நூலகத்து மாடியில் கைப்பேச்சு வகுப்பு ஒன்று நடந்தது. அதில் யாருக்கும் சொல்லாமல் சேர்ந்தார். இரண்டு நர்சுகள், ஒரு வங்கி குமாஸ்தா, கடைசி பெஞ்சில் இவர். எந்த வார்த்தையைக் காட்டினாலும் அவருடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவில் ஒரு பல்லைப் பிடித்திருப்பதுபோலவே ஒட்டிக்கொண்டு நின்றன. இருந்தும் விடாமல் நூற்றைம்பது வார்த்தை மனப்பாடம் செய்தார். போகாதே, நீ நல்ல வேலைக்காரி, என்னை மன்னித்துவிடு என்று ஒரு சிறு சொற்பொழிவே தயார் செய்து, தினமும் கண்ணாடி முன்னால் நிகழ்த்தினார். கண்ணாடிக்கு மனம் இளகியிருக்கலாம்; ஈறு அசையவில்லை. தினமும் காலையில் விரலால் தடவிப் பார்ப்பார். மொழுமொழுவென்று இருக்கும். ஈறு பழசு, மண்டைக்குள் எல்லாம் ஏறிவிட்டது என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, பல்செட்காரன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அவருக்குத் தோன்றியது. டிராயரில் தேடி அளவான ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்தார். அசலாகத் தெரியக் கொஞ்சம் மஞ்சள் பூசினார். கீழ்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதை வெறும் ஈறில் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது வாயைத் திறந்து காட்டினார். மகன் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். மருமகள் குனிந்து பார்த்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டு, பல்லைப் பெயர்த்து எடுத்து, பின்பக்கம் திருப்பினாள். போன வாரம் அவளே தேய்த்து இழைத்த பல். அதை அவருடைய தட்டின் ஓரத்தில் வைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய்த் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். மகனும் அவள் பின்னால் போனான். மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "பொய்ப்பல்லு கட்டுறது உங்க தொழில், சரி. அதை எதுக்குங்க வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள். தட்டில் இருந்ததைச் சாப்பிடக்கூட அவரால் முடியவில்லை, கீழ்செட் பட்டறையில் இருந்தது.

மறுநாள் காலை எதிர்மேசைக்கு முன்னால் போய் நின்றார். தயார் செய்த சொற்பொழிவு அடியோடு மறந்துபோயிருந்தது. கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நினைவுக்கு வந்த மூன்றை மட்டும் காட்டினார்: நீ பேசு. நான் பார்க்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. மருமகளும் தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

மூன்று வருடத்துத் திட்டு அது. நாலு வார்த்தையில் ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது. கையைத் தூக்கி, மறுபடி என்றார். மறுபடி திட்டினாள். முதன்முதலாக முழுசாகப் புரிந்த வார்த்தை முட்டாள் என்பது. தேர்வில் தேறியவன்போல அவர் பூரித்துப்போனதைப் பார்த்து அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்கள், என்னை ஒரு நாள் கேட்டதுண்டா என்றாள். நன்றாக வந்த செட்டை நீங்கள் கட்டியது என்றும் சரியில்லாததை நான் கட்டியது என்றும் சொல்கிறீர்கள், எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்றாள். உங்கள் மீசையையும் ஆடுகிற செட்டையும் வைத்துக்கொண்டு நீங்கள் பேசுவதுதான் யாருக்கும் விளங்காது, வந்தவர்கள் பதில் சொல்வதை வைத்துத் தெரிந்துகொண்டேன் என்றாள். கடைசியாக, அந்தச் செட் ஏன் ஆடுகிறது தெரியுமா என்று கேட்டாள். கீழ்வரிசையை அரை நூல் அளவு உள்ளே தள்ளி வைத்தால் ஆடாது. வந்த முதல் மாதமே மெழுகில் செய்து காட்டினேன். ஐந்து தடவை காட்டினேன். ஐந்து தடவையும் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

எப்படி, காட்டு, என்றார் பல்செட்காரர். அவள் காட்டினாள். அவர் செய்தார், தவறினார், மறுபடி செய்தார். வாசலில் வந்து காத்திருந்தவர்கள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு ஆறாவது முறையாக வைத்த வரிசை சரியாக உட்கார்ந்தது. அந்த நேரத்தில் இடது கீழ்த்தாடையில் சுரீரென்று வலித்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டதும் மருமகள் எழுந்து வந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, செட்டைக் கழற்றிவிட்டு, முதலில் பிடுங்கிப் பார்த்தாள். நேற்றைக்கு ஒன்றைப் பெயர்த்தவளல்லவா. வரவில்லை. ஈறைக் கிழித்துக்கொண்டு, இடத்துக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லாமல், குறுக்காக ஒரு பல் நின்றது. அவருடைய கீழ்செட்டைத் தன் மேசைக்குக் கொண்டுபோய், பல் வந்த இடத்தில் ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். எட்ட நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு கோணலாக இதை யார் வைத்தது என்று கையால் கேட்டாள். பல்செட்காரர் அவளைக் காட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

நீ சாப்பிட்டாயா என்று அவர் கேட்டது தப்பும் தவறுமாகத்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது. பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மகன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டான். பாதித் திட்டுத்தான் ஆகியிருக்கிறது, மிச்சத்தை முடிக்காமல் எப்படிக் கிளம்புவது என்றாள் மருமகள். ஆஸ்பத்திரிக்கும் அதையே காரணமாக எழுதிப் போட்டாள். முடிந்ததும் வரலாம், அவசரமில்லை என்று அவர்கள் பதில் எழுதினார்கள். இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. பல்செட்காரருக்கு இப்போது ஐந்து பல், ஐந்தும் கோணல். பட்டறையில் புது செட் கட்டுவதைவிட, முளைத்த பல்லுக்கு வழிவிட்டுப் பழைய செட்டில் ஓட்டை போடும் வேலைதான் அதிகம் வருகிறது. திட்டு இன்னும் முடிந்தபாடில்லை; தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டரை மணிக்கு, கத்திகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.