நாற்பத்தோராவது ஊசி

எங்கள் இன்ஜினியருக்கு நகராட்சி சிலை வைக்கப்போகிறதாம். போரில் மெடல் வாங்கியவர், ஊருக்குச் சாக்கடை போட்டவர் என்று கல்லில் வெட்டுவார்களாம். வெட்டட்டும். அந்தக் கல்லில் வராத ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவன், கோர்வையாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

பட்டாளத்தில் அவர் கேப்டன், நான் அவருக்குக் கீழே சிப்பாய். பாலம் போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. வெடியைப் புதைத்து அதன் ஊசியை உருவினால் அதற்கு உயிர் வந்துவிடும். வளையம் கோத்த சின்னக் கம்பிதான் ஊசி. உருவியதை எறியக்கூடாது. ஆளாளுக்குக் கொண்டுவந்து கேப்டன் கையில் கொடுக்க வேண்டும். எத்தனை ஊசியோ அத்தனை வெடி என்று அவர் வரைபடத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு வெடிகளை எடுக்கப் போகிறவனுக்கு அந்தக் காகிதம்தான் தெய்வம்.

அன்று நாங்கள் நான்கு பேர், ஆளுக்குப் பத்து வெடி. என் பெட்டியில் ஒன்று கூடுதலாக இருந்தது. திரும்பச் சுமக்கச் சோம்பல். வரிசைக் கடைசியில் அதையும் புதைத்து ஊசியை உருவினேன். எதிரி சுட ஆரம்பித்துவிட்டான். ஓடிவந்து கையிலிருந்ததைக் கொடுத்தேன்.

"பத்துதானே?"

"பத்துதான் சார்."

ஓடிய பதற்றத்தில் அந்தக் கூடுதல் வெடி மறந்தே போயிருந்தது. மூன்று நாள் கழித்துக் கால்சட்டைப் பையைத் துழாவினால் பதினோராவது ஊசி. சொன்னால் தண்டனை. வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் சண்டை நின்றது. விடுப்பு முடிந்து நான் வந்த காலையில், அந்த நிலத்திலிருந்து நாற்பதையும் எடுத்து முடித்திருந்தார்கள். இன்னொன்று கிடக்கிறது என்று எப்படிச் சொல்வதென்று யோசித்தபடி டீ குடித்தேன். அந்த டீ தீர்வதற்குள் தண்ணீர் லாரி டிரைவர் நிலத்தில் குறுக்கே நடந்தான். வெடித்தது.

அவன் கிடந்து கத்துகிறான். ஒருத்தரும் அசையவில்லை. ஒன்று தப்பியிருந்தால் இன்னும் எத்தனை தப்பியதோ என்ற பயம். கேப்டன் துப்பாக்கிக் கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, வயிற்றால் ஊர்ந்து போய், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இனி வெடி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். போயிருந்தால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். மரம் மாதிரி நின்றேன். டிரைவர் மூன்றாம் நாள் போய்விட்டான். கேப்டனுக்கு மெடல் வந்தது.

பட்டாளத்தை விட்டதும் அவர் இந்த நகராட்சிக்கு இன்ஜினியராக வந்தார். கூப்பிட்டு எனக்கும் சாக்கடைப் பிரிவில் வேலை கொடுத்தார். எவனும் சும்மா எதையும் கொடுக்கமாட்டான் என்பது என் புத்தி. அவருக்கு ஊசி விஷயம் தெரிந்துவிட்டது, பக்கத்தில் வைத்து நோட்டம் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் போட்ட சட்டமும் அப்படி. குழிக்குள் இறங்குகிறவன் செருப்பைக் கழற்றி மூடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மேலே வந்ததும் அவனவனே மாட்டிக்கொள்ள வேண்டும். செருப்பு மிச்சமிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். அவரே வெயிலில் நின்று ஜோடி ஜோடியாக மூன்று தடவை எண்ணுவார்.

"அண்ணே, இவரு வீட்ல பொண்டாட்டியையும் தினம் எண்ணிப் பார்ப்பாரோ?"

"ஒண்ணுதானடா, சீக்கிரம் முடிஞ்சிடும்."

எல்லோரும் சிரிப்போம். எண்ணி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்பார். குத்திக் காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் குழிகளில் ஓர் உயிர் போகவில்லை. அதைப் பெரிதாக நினைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு போனேன்.

"வாடா. நீயும் கிழவனாயிட்ட."

"நீங்க மட்டும் மாப்பிள்ளையாவா இருக்கீங்க சார்?"

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"சிலை வைக்கிறேன்னு வந்தானுங்க. வேணாம்னு விரட்டிட்டேன். அந்த டிரைவர் பையனைக் கொன்னதே நான்தானேடா. நாப்பத்தொண்ணை நாப்பதுன்னு எண்ணிட்டேன். அதுக்கு மெடல் வேற. அப்புறம் என் எண்ணிக்கையை என்னாலயே நம்ப முடியல. அதான் ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்பேன். நீ பொய் சொல்லமாட்ட."

ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வைத்ததுமே புரிந்துகொண்டார்.

"நீயா?"

"நான்தான் சார்."

வளையத்தில் விரலை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் பத்து வருஷம் முன்னாடி குடுத்திருந்தாகூட நான் கொஞ்சம் தூங்கியிருப்பேனேடா."

திட்டவில்லை. ஊசியோடு கையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான் வெளியே வந்தேன்.

வாசலில் அவர் சம்சாரம் கேட்டார்கள்: "என்ன சொன்னீங்க? அவரு அழுற மாதிரி இருக்கே?"

"பழைய கதைதாம்மா" என்றேன். பழக்கம் எங்கே போகும்?

நாலாம் நாள் அவர் போய்விட்டார். நான் போனபோது கூடம் நிறைய ஆட்கள். அந்த அம்மா ஊசியை நீட்டினார்கள்.

"இது என்னன்னு தெரியுமா? கையிலயே வச்சிருந்தாரு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்."

அத்தனை பேருக்கும் நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா ஊசியை என் கையில் வைத்தார்கள்.

"நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.