உள்ளே கெட்டியான யானைகள்

என் மனைவி கொளஞ்சியம்மாள் இறந்த பிறகு என் கட்டில் வேர்விட்டுவிட்டது. நாலு காலும் சிமெண்டுத் தரையைத் துளைத்து இறங்கி, மணிமுத்தாறு வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்தன. அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். "ஆமாங்க, அப்டித்தான் இருக்கும்" என்று தலையாட்டி, கொண்டுவந்த சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். "ஆத்துல ஏதுய்யா தண்ணி?" என்று கேட்டிருப்பாள். நான் உடனே ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும். நான் ஒன்று சொல்ல, அவள் ஓட்டை கண்டுபிடிக்க, நான் அடைக்க, அப்படியேதான் எங்கள் குடித்தனம் ஓடியது. இப்போது ஊரே என்னை நம்பியது. துக்கக்காரனை மறுத்துப் பேசக் கூடாதாம். எதைச் சொன்னாலும் நம்புகிறவர்களிடம் எதைத்தான் சொல்வது? பேச்சு நின்றது. பிறகு வேலைக்குப் போவதும் நின்றது.

செராமிக் பேட்டையில் பொம்மைக்கு அச்சு ஊற்றுகிற வேலை எனக்கு. பட்டறை முதலாளி மதிவாணன் பைக்கில் வந்து நின்றான்.

"அண்ணே, கொலு ஆர்டர் குமிஞ்சி கெடக்குது. ஒரு நாள் வந்து பாருங்க. முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளு பாத்துக்கறேன்."

முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பினேன்.

பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றினால், அச்சு ஈரத்தை இழுக்கும். ஓரமெல்லாம் மண் படியும். தக்க நேரத்தில் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். அப்போதுதான் பொம்மை உள்ளே வெறும் கூடாக இருக்கும். அன்று குட்டி யானை அச்சுகளில் ஊற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். டீ வந்தது, ஆறியது. எல்லோரும் சாப்பிட எழுந்தபோதுதான் கவிழ்க்காதது நினைவுக்கு வந்தது. அச்சைப் பிரித்தால், யானைகள் உள்ளே முழுக்கக் கெட்டி. அப்படியே சுட்டால் சூளையில் வெடிக்கும்.

"வேப்பூர்ல ரோட்டோர ஓட்டல்காரன் கெட்டியா வேணும்னு கேட்டான்" என்றேன். "மேசைக்கு ஒண்ணு வைக்கறதுக்கு. லாரி போற காத்துல சாதா பொம்மை பறந்துபோயி உளுந்தூர்பேட்டையில வுழுதாம்."

"சரிங்கண்ணே" என்றான் மதிவாணன், மெதுவாக. சூளை பார்க்கிற பாவாடை, "கேட்டிருப்பாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் செருப்பைத் தேடினேன்.

"ஏங்க பெரிப்பா."

வர்ணம் பூசுகிற துர்கா. கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் புதிதாக வருகிறவள். என் சங்கதியை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"பொம்ம பறந்தா தட்டு பறக்காதா? நீங்க தூங்கிட்டீங்க, அவ்ளோதான்."

மதிவாணன் அவளுக்குக் கண் காட்டினான்.

"தட்டெல்லாம் ஆணி அடிச்சி வச்சிருக்கான்" என்றேன்.

"சோறு?"

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன்.

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு வருவீங்களாண்ணே?" என்றான் மதிவாணன்.

"சோத்துக்குப் பதில் சொல்ல வேணாமா?"

"நல்லதா சொல்லுங்க" என்றாள் துர்கா, பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டே. "இது ரொம்ப மட்டம்."

யானைகளை உடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். சுடாத மண், கரைந்துவிடும்.

சாயங்காலம் வீட்டில் சோற்றைத் தட்டில் போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு பருக்கைகூட அசையவில்லை. "சாம்பார் ஊத்திட்டா கனம் வந்துடும்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. "அப்ப தயிர்ச் சோறு? வெறுஞ்சோறு?" என்று நானே என்னை மடக்க வேண்டியிருந்தது. நான் அதில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

மறுநாள் போனபோது பட்டறை திறக்கவில்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று வாட்ச்மேன் கேட்டார். நான் ஏறிய பஸ் நேற்றே கிளம்பிவிட்டது என்றேன்.

"அப்டிங்களா" என்றார்.

அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. கம்மாபுரம் பஸ் வருகிற பக்கம் பார்த்து நின்றேன்.