இன்னொரு பிரியாவிடை

இங்கிரிட் டீச்சர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னபோது எங்களில் ஒருவர்கூட அழவில்லை. அது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். டென்மார்க்கிலிருந்து வந்து, நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். அன்று கரும்பலகையைத் துடைத்து, சோக்கைக் கீழே வைத்துவிட்டு, தான் படித்த எழுத்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார். "பிள்ளைகளே, என்னை அனுப்பிய அமைப்பு திரும்பி வரச் சொல்லிவிட்டது. இந்த நாட்டின் நிலைமை அவர்களுக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போகிறேன்." சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குத்தான் கண் கலங்கியிருந்தது. கடைசி வாங்கிலிருந்து கஜேந்திரன் கேட்டான்: "மாலைய நோர்வூட்ல வாங்குறதா, இல்ல ஹட்டன்ல சொல்லி வைக்கிறதா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பாடசாலைக்குப் பிரியாவிடை என்பது காலைக்கூட்டம் மாதிரிப் பழகிப்போன ஒன்று. யாழ்ப்பாணத்து விஞ்ஞான சேர், மட்டக்களப்பு டீச்சர், அதற்கு முன்னால் இருந்த கணித சேர் என்று எல்லோரும் வந்த நாளிலிருந்தே சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு, கிடைத்ததும் பெட்டியைக் கட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை, ஒரு சுவர்க்கடிகாரம், ரோல்ஸ், கேக், குரூப் போட்டோ. யார் மேசை விரிப்புக் கொண்டுவருவது, யார் தேத்தண்ணி ஊற்றுவது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே நடக்கும். பேசுவது மட்டும் எப்போதும் வினோதா, அதாவது நான். எனக்குக் கணீரென்ற குரலாம். பாடசாலை அதிபர் கணேசமூர்த்தி சேர் எப்போதோ எழுதிய உரை ஒன்று இருக்கிறது. பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டால் போதும்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது. எங்கள் அக்கா நாகலெட்சுமி மற்ற எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்து, கணிதத்தில் மட்டும் தவறியவள். அந்த வருடம் கணித சேர் நடுவில் போய்விட்டார். எங்கோ அவர் வீட்டுச் சுவரில் நாங்கள் கொடுத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறாள். எனக்கும் கேத்திரகணிதத்தில் வட்டம் பாதியில் நிற்கிறது. தொடலி, அதுதான் வட்டத்தை ஓரிடத்தில் தொட்டுக்கொண்டு போகும் கோடு, அந்தப் பாடத்தை இன்னும் தொடங்கவேயில்லை. பரீட்சைக்கு அது கட்டாயம் வருமென்று சொன்னவரும் இதே இங்கிரிட் டீச்சர்தான்.

எங்கள் லயத்து வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "பாவம், அவங்களுக்கும் தாய் தகப்பன் இருப்பாங்கதானே. நல்லபடியா பேசி அனுப்பி வை புள்ள" என்றாள்.

அடுப்படியிலிருந்து அக்கா வெடுக்கென்று திரும்பினாள். "எத்தன பேரத்தாம்மா நல்லபடியா அனுப்புறது? அனுப்பி வச்சவ நான் எங்க நிக்கிறேன்னு பாரு."

மிச்சமிருந்த நாட்களிலாவது டீச்சர் தொடலியை முடித்துவிடுவார் என்று நம்பினேன். அவரோ தினமும் கமராவோடு வந்தார். பென்சில் கொடுத்தார். எங்கள் ஆசைகளைக் கேட்டார். சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தார். நான் புத்தகத்தைத் திறந்தால், "இன்று பாடம் வேண்டாம் வினோதா, நாம் பேசுவோம்" என்று சிரித்தார். பேசிப் பேசி வியாழக்கிழமையும் வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அதிபர் கூப்பிட்டு உரையை நீட்டினார். 'தங்கள் சொந்த மாவட்டத்திலும் சிறந்து விளங்க வாழ்த்துகிறோம்' என்ற வரியைக் காட்டி, என்ன செய்வது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "டென்மார்க் மாவட்டம்னு போட்டுக்க புள்ள. யாரு கேக்கப் போறா."

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பிலேயே கூட்டம். கரும்பலகை முழுக்கக் கஜேந்திரன் கலர் சோக்கில் 'பிரியாவிடை' என்று எழுதி, சுற்றிப் பூவும் கொடியும் வரைந்திருந்தான். முழங்கால் வரை தொங்கிய மாலையோடு டீச்சர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்கள் கதவில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்காவும் அரைநாள் லீவு சொல்லி வந்திருந்தாள். வெளியே கொழும்புக்குப் போக வேன் நின்றது.

நான் எழுந்தேன். மதிப்புக்குரிய அதிபர் அவர்களே என்று தொடங்கி, எங்கள் அறிவுக்கண்ணைத் திறந்து வைத்த என்ற இடம் வரை வந்துவிட்டேன். எத்தனையோ தடவை சொன்ன வரி. அன்றைக்கு வாயில் வரவில்லை.

"டீச்சர், தொடலி இன்னும் படிச்சுக் குடுக்கலீங்க" என்றேன்.

அதிபர் செருமினார். "வினோதா, பேச்சுல உள்ளதப் பேசு."

"பேச்சுல இல்லீங்க சேர். பரீட்சையில வரும்." டீச்சர் பக்கம் திரும்பினேன். "ஒரு கெழமையா பென்சில் குடுத்தீங்க, போட்டோ புடிச்சீங்க. ஒரு கணக்குக்கூட செய்யலீங்களே டீச்சர். நீங்க போயிருவீங்க. நாங்க என்னா செய்யிறது?"

கதவடியில் யாரோ, "இந்தப் புள்ளைக்கு என்னா வாய்" என்றார்கள். டீச்சரின் முகம் கழுத்து வரை சிவந்தது. இனி அழுவார், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. எழுந்து கரும்பலகையைப் பார்த்தார். ஒரு கணக்குப் போட அதில் இடமில்லை. டஸ்டரை எடுத்தார்.

"ஐயோ டீச்சர், பூவு!" என்று கஜேந்திரன் கத்தினான்.

அவர் பாதிப் பிரியாவிடையை அழித்துவிட்டுப் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். வேன்காரர் ஹோன் அடித்தார். அதிபர் கடிகாரப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். விழா நாளென்று யாருமே கொப்பி கொண்டுவரவில்லை. உரைத்தாளை மேசையில் கவிழ்த்துப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் நானும் வட்டம் போட்டேன். கதவடியில் நின்ற அக்கா ஆட்களை விலக்கி உள்ளே வந்து என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தாள். டீச்சர் கணக்கை மறைத்த மாலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கோட்டை இழுத்தார். வேன் மறுபடியும் ஹோன் அடித்தது.