முக்காடு

பொழுது புலர்வதற்கு முன்பே பட்டறையில் பொறி பறக்கத் தொடங்கிவிட்டது. ஜன்னல் கம்பிகளும் மாடிப்படிக் கைப்பிடிகளும் செய்கிற பட்டறை அது. குளிர்ந்துபோய்க் கிடந்த இரும்புக் குழாயை முட்டியால் அழுத்திக்கொண்டு நெட்டையன் அறுத்துக்கொண்டிருந்தான். கை கிரைண்டர் அலறியது. அதன் அதிர்வு மணிக்கட்டில் ஏறித் தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதும் விரல்கள் நடுங்கும். நாக்கில் எந்நேரமும் இரும்புத் தூள். சட்டையோ பொறி பட்டுப் பட்டுச் சல்லடையாகிவிட்டது.

சட்டையை விட அன்று அவனுக்கு வயிறுதான் அதிகம் எரிந்தது. எதிர் மேஜையில் சுருட்டை நின்றுகொண்டிருந்தான், கையில் புது மிஷினோடு.

சுருட்டை வேறு யாருமல்ல, நெட்டையனின் சகலை. அக்காளை இவன் கட்டினான், தங்கையை அவன் கட்டினான். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இந்தப் பட்டறைக்குக் கூட்டிவந்ததே நெட்டையன்தான். வந்தவனுக்குப் புது மிஷின். கூட்டிவந்தவனுக்கு ஒயரெல்லாம் ஒட்டுப் போட்ட பழைய மிஷின். மனுஷனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த மிஷினைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பக்கவாட்டில் இன்னொரு கைப்பிடி உண்டு, இரண்டு கையாலும் பிடிக்கலாம். விரலை எடுத்தால் தானே நின்றுவிடும் சுவிட்ச். இரும்பை அறுக்கச் சுழல்கிற வட்டின் மேல் பாதிக்குக் கெட்டியான தகடு மூடியிருக்கும். பொறி முகத்துக்கு வராது, வட்டு உடைந்தாலும் துண்டு அந்தத் தகட்டில்தான் மோதும். மற்றவர்களின் மிஷின்களில் அந்த மூடியைக் கழற்றி எறிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நெட்டையனுடைய சுவிட்ச் ஒருமுறை தள்ளினால் போதும், ஒயரைப் பிடுங்கினால்தான் அடங்கும்.

மூடிக்குப் பட்டறையில் முக்காடு என்று பெயர். வைத்தவர் முதலாளி. “என்னடா, புதுப்பொண்ணு மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு அறுக்குற?” என்று யாரையோ ஒருநாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மூடியோடு அறுக்க எந்த ஆம்பிளைக்கும் மனசு வரவில்லை. மூடி போனதில் முதலாளிக்கு ஒரு லாபம் இருந்தது. மூடி இடிக்காததால், பெரிய மிஷினில் பாதி தேய்ந்த வட்டுகளைச் சின்ன கை மிஷினில் மாட்டலாம். புது வட்டு வாங்க வேண்டாம். பெரிய வட்டு ஆழமாக இறங்கும், தடித்த குழாயும் ஒரே இழுப்பில் துண்டாகும்.

ஆனால் ஒவ்வொரு வட்டின் மேலும் அது தாங்குகிற வேகம் அச்சடித்திருக்கிறது. சின்ன மிஷின் அதைவிட வேகமாகச் சுற்றும். பெரிய வட்டு அதைத் தாங்காது, சிதறிவிடும். இதுவரை சிதறாததற்குக் காரணம், பட்டறையின் மிஷின்கள் எல்லாம் கிழடு. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டை தேய்ந்து, உள்ளே தூசி அடைத்து, பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருந்தன. இது நெட்டையனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் ஒரு பெரிய கட்டிடத்துக்குக் கைப்பிடி செய்கிற வேலை. கூலியைக் குறைத்துவிட்டார் முதலாளி. முணுமுணுப்பு எழுந்ததும் ஒரு போட்டி வைத்தார். “இப்ப சுருட்ட கையில இருக்குற புது மிஷின், யாரு நெறைய அறுக்குறானோ இனிமே அவனுக்கு.” அத்தோடு கூலியைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. எல்லோர் கண்ணும் புது மிஷின் மேல்.

வீட்டிலும் அதே பேச்சு. நெட்டையனின் மனைவி சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “தங்கச்சி வீட்டுக்காரர் சட்டையப் பாருங்க, கடையில வாங்குன மாதிரியே இருக்கு. உங்களுதுல சட்ட எது, ஒட்டு எதுன்னே தெரியல.”

“அப்ப அவனையே கட்டியிருக்கலாமே?”

“அவரு அப்ப சின்னப் பையனா இருந்தாரு,” என்று நூலைப் பல்லால் கடித்தாள் அவள். அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டியில் நெட்டையன் வெறிபிடித்தவன் போல் அறுத்தான். சுருட்டை பின்தங்கினான். மூடியும் சின்ன வட்டுமாய் நிதானமாக அறுத்தால் பின்தங்கத்தானே வேண்டும்? அவன் மேஜையில் குவியல் உயராததைப் பார்க்கப் பார்க்க நெட்டையனுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாய் இனித்தது.

முதலாளி சுருட்டையின் அருகே வந்து நின்றார். “நல்ல மிஷினைக் குடுத்தும் உன் சகலைகிட்ட தோக்குறியேடா. முக்காட்டக் கழட்டு. பெரிய வட்டப் போடு.”

கம்பிகளுக்குத் துரு பிடிக்காமலிருக்கப் பிரைமர் பூச்சு அடித்துக்கொண்டிருந்த பெயிண்ட் அக்கா நிமிர்ந்தாள். “முக்காடுன்னா என்ன மொதலாளி அவ்வளவு கேவலம்? இவனுங்க விடுற பொறியில என் முடி கருகாம இருக்கிறதே தலையில கட்டுன துணியாலதான்.”

“நீ பெயிண்ட்டப் பாரு,” என்றார் அவர்.

சுருட்டை மூடியைக் கழற்றினான். பெரிய வட்டைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எதிர் மேஜையைப் பார்த்துக் கேட்டான்:

“அண்ணே, போடலாமா?”

கேட்டான். வாய் திறந்து கேட்டான். புது மிஷின் முழு வேகத்தில் சுற்றும், வேண்டாம்டா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நெட்டையன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டுப் போடாத அந்தச் சட்டையைத்தான் பார்த்தான்.

“உன் இஷ்டம்,” என்றான்.

மிஷின் ஓடிய சத்தமே வேறு மாதிரி இருந்தது. குழாயில் வட்டு பாதி இறங்கியது. பட்டென்று ஒரு வெடி. கூரைத் தகரத்தில் ஏதோ மோதி விழுந்தது. சுருட்டை கீழே உட்கார்ந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே சதை பிளந்திருந்தது. கன்னத்திலும் ரத்தம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பெயிண்ட் அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் கையைச் சுற்றி இறுக்கினாள். முதலாளி ஓடிவந்து மிஷினைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தியாள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நரம்பு அறுந்திருக்கிறது, தைத்திருக்கிறோம், விரல் மடங்குமா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெட்டையனைக் கண்டதும் அவள் கேட்டாள்:

“நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, மாமா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தவன் பாட்டிலோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை முதலாளி அவனை மட்டும் அழைத்தார். மேஜை மேல் புது மிஷின் இருந்தது. ரத்தம் துடைத்து, மூடி மாட்டி, அளவான புது வட்டும் போட்டிருந்தது. முந்தின நாள் கழற்றச் சொன்னவரே மாட்டியும் வைத்திருக்கிறார்.

“அவனுக்கு அடிபட்டதப் பத்திக் கேக்க ஆளுங்க வருவாங்க நெட்ட. அவனே கழட்டுனான், அவனே பெரிய வட்டப் போட்டான். நீ எதுத்தாப்புல இருந்த, பாத்த. அத மட்டும் சொல்லு. பொய் ஒண்ணும் இல்லையே?”

“பொய் இல்ல.”

“அப்புறம் என்ன? இந்தா, இது இனிமே உன்னோடது.”

மிஷின் கைக்கு வந்துவிட்டது. மறைப்பானேன், கை ஆசைப்பட்டது. பக்கக் கைப்பிடி உள்ளங்கையில் வழவழவென்று பொருந்தியது. எத்தனை நாள் பொருமல் இது! கிடைத்த நேரத்தில் அது கல்லாய்க் கனத்தது.

அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் வேலை செய்கிற இடத்துக்கு வந்தான். முதலாளி பின்னாலேயே வந்தார்.

“எல்லாரும் மிஷின நிறுத்துங்க,” என்றான். ஒயர்கள் பிடுங்கப்பட்டன. “மொதலாளி என்னைய சாட்சி சொல்லச் சொல்றாரு. சொல்றேன். சுருட்டதான் மூடியக் கழட்டுனான், நான் பாத்தேன். கழட்டச் சொன்னது இவரு, அதையும் கேட்டேன். போடலாமான்னு அவன் என்கிட்ட கேட்டான். உடையும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் இஷ்டம்னு சொன்னேன். இந்த மிஷின் மேல அவ்வளவு பொறாம எனக்கு.”

“டேய், உனக்கென்ன கிறுக்கா?” என்றார் முதலாளி.

“நேத்து வரைக்கும் கிறுக்குதான். இத்தன பேருக்கு ஒரு நல்ல மிஷின வாங்கி வச்சு, கூலியக் கொறச்சீங்க. நாங்க உங்களக் கேக்கல. ஒருத்தன ஒருத்தன் முறைச்சிக்கிட்டிருந்தோம்.”

“நானும் கேட்டேன், கழட்டுன்னு சொன்னத,” என்றாள் பெயிண்ட் அக்கா.

வெல்டிங் செய்கிறவன் முகமூடியை மேலே தூக்கினான். “எனக்கும் கேட்டுச்சு. அவன் தோக்கட்டும்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”

மூலையில் துளை போடுகிற பெரியவர் தொண்டையைச் செருமினார். “நானும்தான்பா.”

முதலாளியின் முகம் சிவந்தது. “ஆஸ்பத்திரிச் செலவு, மூடி, வட்டுன்னு ஆரம்பிப்பீங்க. அடுத்தது என் நாற்காலியையே கேப்பீங்க. எல்லாரும் வெளிய போங்க. நாளைக்கே வேற ஆளு வருவான்.”

“நாற்காலி வேணாம் மொதலாளி, அதுல குஷன் கிழிஞ்சிருக்கு,” என்றாள் பெயிண்ட் அக்கா. “எல்லா மிஷினுக்கும் மூடி வேணும். அதுக்கு ஏத்த வட்டு வேணும். கார்பன் மாத்தணும். அந்தப் புள்ளைய முழுசா வைத்தியம் பாக்கணும். கொறச்ச கூலியப் பழையபடி குடுக்கணும்.”

நெட்டையன் புது மிஷினைத் தரையில் வைத்தான். ஒவ்வொருவராகத் தங்கள் மிஷின்களைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் மதில் நிழலில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த நாளும் அங்கேதான் இருந்தார்கள். வேலை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினான். இருவரும் உள்ளே போகாமல் திரும்பினார்கள். வீட்டில் அடுப்பு இன்னும் எத்தனை நாள் எரியும் என்று நெட்டையன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தைரியம் தேடிக்கொண்டார்கள்.

மதியம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கொழுந்தியாள் கைகொடுக்க, கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்ட கையோடு சுருட்டை இறங்கினான். கன்னத்தில் தையல்.

“உன்ன யாருடா வரச் சொன்னது?” என்று பதறி எழுந்தான் நெட்டையன்.

“நீங்கல்லாம் சேந்து இங்க உக்காந்திருக்கீங்கன்னு இவ வந்து சொன்னா. எனக்குக் கட்டில்ல இருப்புக் கொள்ளல. ஒரே பொறாமையா போச்சு.”

வெல்டர் சிரித்துவிட்டான். நெட்டையனால் சிரிக்க முடியவில்லை. “டேய், நீ கேட்டப்ப நான் உன் இஷ்டம்னு…”

“தெரியும்ணே,” என்றான் சுருட்டை. “முந்தாநேத்து உங்க எடத்துல நான் இருந்திருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். தள்ளி உக்காருங்க, வெயிலடிக்குது.”

நெட்டையன் நகர்ந்து நிழலில் இடம் கொடுத்தான். சகலையின் நல்ல கைப் பக்கமாக, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டான். உள்ளே முதலாளி போனில் யாரிடமோ இரைந்துகொண்டிருந்தார். வெளியே ஒருவரும் எழுந்திருக்கவில்லை.